இலை உதிர்ந்தால் உடனே தண்ணீரைத் தூக்காதீர்கள்

போன வாரம் ஒரு ஃபைகஸ் பெஞ்சமினா போன்சாய், அதாவது தொட்டியில் குட்டையாக வளர்க்கும் மரம், என் மேசைக்கு வந்தது. மணிக்கட்டுப் பருமன் அடிமரம், அழகான கிளை அடுக்கு. ஆனால் மொத்தமே ஆறேழு இலைகள். தொட்டியைச் சாய்த்ததும் அழுகல் வாடை. “இலை கொட்டத் தொடங்கியதும் தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றினேனே!” என்றார் கொண்டுவந்தவர். எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். “கூடத்தில், சோபாவுக்குப் பக்கத்தில். நிழலில் வளரும் செடிதானே?”

இல்லை. எத்தனை பேருக்குத்தான் சொல்வது? ஆலும் அரசும் அத்தியும் சேர்ந்த இனம்தான் ஃபைகஸ். ஆலமரத்தை நிழல்செடி என்று யாராவது சொல்வார்களா? தொட்டியில் அடக்கிக் குட்டையாக்கிவிட்டதால் அதன் பசி மாறிவிடாது. குளிர் தாங்காத மரம் என்பதால், குளிர்ப் பகுதிகளில் வீட்டுக்குள் வைத்துக் காக்கிறார்கள். ‘உள்ளறை போன்சாய்’ என்ற பெயருக்கு அவ்வளவுதான் பொருள். இருட்டு போதும் என்று அதற்கு அர்த்தமே கிடையாது.

“எங்கள் கூடம் நல்ல வெளிச்சமாயிற்றே” என்பார்கள். உங்கள் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். குறைந்த ஒளிக்குக் கண் தன்னைச் சரிசெய்துகொள்கிறது, இலையால் அவ்வளவு எளிதாக அது முடியாது. ஒளியை அளக்கும் அலகு லக்ஸ். உச்சி வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். ஜன்னலை விட்டு 2, 3 மீட்டர் தள்ளினால் பெரும்பாலும் சில நூறு லக்ஸ்தான் மிஞ்சும். நீங்கள் புத்தகம் படிக்க அது போதும், மரம் உணவு தயாரிக்கப் போதாது. ஆகவே தாங்க முடியாத இலைகளை அது உதிர்க்கிறது. இலை குறைந்த மரம் தண்ணீரும் குறைவாகவே குடிக்கும். அந்த நேரம் பார்த்து நீங்கள் இரட்டிப்பாக ஊற்றுகிறீர்கள்!

இடம் மாற்றினாலும் பெஞ்சமினா இலை கொட்டும். பதறி மறுபடி இடம் மாற்றாதீர்கள். சிறு கிளையில் நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, பொறுத்திருங்கள். புதிதாக வாங்குவோருக்கு ஃபைகஸின் இன்னொரு வகையான மைக்ரோகார்ப்பாவைத்தான் சொல்வேன், அது இவ்வளவு கோபித்துக்கொள்ளாது. கிழங்குபோல் வேர் பருத்த மைக்ரோகார்ப்பாக்களில் மேற்பகுதி பெரும்பாலும் ஒட்டுக் கட்டியது. ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பவற்றை உடனே கிள்ளிவிடுங்கள். விட்டால் அவையே மரத்தை ஆளும்.

ஜன்னலை ஒட்டியே வையுங்கள். அது முடியாவிட்டால், செடி வளர்ப்பு எல்.இ.டி. விளக்கு தினமும் 12 முதல் 14 மணி நேரம் எரியட்டும். மேல்மண்ணில் விரலை வைத்து, உலரத் தொடங்கியிருந்தால் மட்டும், அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றுங்கள். நாள்கணக்கு வேண்டாம். துளையில்லாத தொட்டியானால் இன்றே மாற்றுங்கள். மேலே ஒட்டவைத்த கூழாங்கற்களைப் பெயர்த்தெறியுங்கள். அவற்றுக்குக் கீழே மண் எப்படி இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? இலையில் நீர் தெளிப்பது வேருக்குத் தண்ணீர் ஊற்றியதாகாது. ஏ.சி. காற்று நேரே படக் கூடாது. வெப்பம் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இலை பிசுபிசுத்தால் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள், செதில் பூச்சி இருக்கலாம். வேர் வெட்டுவதெல்லாம் மரம் வீரியமாகத் துளிர்க்கும் காலத்தில்தான். நலிந்த மரத்தின் நல்ல வேரில் கத்தரி படவே கூடாது.

வெட்டினால் வடியும் வெள்ளைப் பால் சிலருக்குத் தோலில் அரிப்பைத் தரும். லேட்டக்ஸ் (ரப்பர் பால்) ஒவ்வாமை உள்ளவர்கள் கையுறை இல்லாமல் தொடவே வேண்டாம். நாயும் பூனையும் இலையைக் கடித்தால் வாய் எரிந்து வாந்தி எடுக்கும். தயவுசெய்து அவற்றுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

அந்த பெஞ்சமினாவின் அழுகிய வேர்களை மட்டும் நீக்கி, நீர் நன்றாக வடியும் கலவையில் நட்டு, ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். கீறிப் பார்த்ததில் மூன்று கிளைகளில் பச்சை இருக்கிறது. துளிர் வரும்வரை அவரிடம் திருப்பித் தரப்போவதில்லை.