தக்காளி வரிசைக்குள் ஆள் நுழைய இடம் விடுங்கள்

பொங்கலூர் பக்கம் இன்னொரு தோட்டம். வீரிய ஒட்டுத் தக்காளியை 2 அடிக்கு 1½ அடியில் நட்டுவிட்டு, "மருந்து கேட்கவில்லை" என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருக்கிறார் உரிமையாளர். எப்படிக் கேட்கும்? இலைக்கருகல் நோய் அடி இலையில் தொடங்குகிறது. விசைத்தெளிப்பானோடு ஆள் உள்ளே நுழையவே முடியவில்லை. நனைந்தது உச்சி இலை மட்டும்.

செடி கூடினால் காய் கூடும் என்ற கணக்கை எத்தனை முறை மறுப்பது! அந்த இடைவெளியில் ஏக்கருக்கு 14,520 செடி பிடிக்கும். பிகேஎம் 1 போன்ற ரகங்களுக்கு அது சரி. படர்ந்து வளரும் வீரிய ஒட்டுக்குப் பரிந்துரை 90 × 60 × 60 செ.மீ. இணைவரிசை (இரண்டிரண்டு வரிசையாக; ஜோடிக்குள் 60, ஜோடிக்கு ஜோடி 90, செடிக்குச் செடி 60), ஏக்கருக்குச் சுமார் 9,000 செடி. மீதி ஐந்தாயிரம் நாற்றும் காசு கொடுத்து வாங்கிய களை. நெருக்கினால் ஓர் எல்லை வரை மொத்த எடை கூடும், மறுக்கவில்லை. அதைத் தாண்டினால் கூடுவதெல்லாம் பொடிக்காய். உடுமலைச் சந்தையில் 14 கிலோ பெட்டிக்கு விலை சொல்பவர் உங்கள் செடிகளை எண்ணுவதில்லை; காயின் பருமனைப் பார்க்கிறார். பொடிக்காய் பறிக்கவும் அதே கூலிதான்.

(இலைச்சுருள் வந்தவர்கள் என்னிடம் சண்டைக்கு வர வேண்டாம். அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். இடைவெளி விட்டால் மட்டும் நிற்காது.)

பசுமைக்குடில்காரர்கள் இன்னும் மோசம். இவ்வளவு செலவழித்தாயிற்று, ஓர் அங்குலமும் வீணாகக் கூடாதாம். உள்ளே நெருக்கமாக நடும் உரிமை, கொடிபோல் ஏறும் ரகத்தை ஒற்றைத் தண்டாக விட்டு, வாரந்தோறும் பக்கக்கிளை கிள்ளி, கயிற்றில் ஏற்றுகிறவருக்கு மட்டுமே உண்டு. அவருக்கும் சதுர மீட்டருக்கு இரண்டரைச் செடி போதும். 1,000 சதுர மீட்டர் குடிலில் 2,500. கிள்ள ஆள் கிடைக்காதென்றால் அதிலும் குறையுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உங்கள் குடிலுக்குள் வீசுவதில்லை. இலை ஈரம் காயத் தாமதமாகும். மகரந்தம் உதிரப் பூக்கொத்து குலுங்கக்கூட நீங்கள்தான் கம்பியைத் தட்டிவிட வேண்டும்.

வெளித்தோட்டத்தில் வரிசையை மேற்கு கிழக்காக ஓட்டுங்கள், காற்று ஊடே போகட்டும். ஐப்பசி மழையில் நிற்கப்போகும் பயிருக்குக் கால் அடி கூட்டியே விடுங்கள். கடையில் 40 செ.மீட்டருக்கு ஒரு துளையுள்ள சொட்டுநீர்க் குழாய்தான் இருந்தது என்பதற்காக 40 செ.மீட்டரில் நடாதீர்கள், கரிசல் மண்ணில் ஈரம் தானாகப் பரவும். செத்துப்போகுமோ என்று பயந்து குழிக்கு இரண்டு நாற்று வைப்பதும் வேண்டாம். குழித்தட்டில் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்து, பட்டுப்போன இடத்தில் நடுங்கள்.

ஏற்கெனவே நெருக்கி நட்டவர்களுக்கு ஒரு வேண்டுகோள். செடி பூவெடுக்கும் முன்பே இடையிடையே பிடுங்கிவிடுங்கள். மனம் வராது, தெரியும். அவ்வளவும் முடியாதென்றால் மண்ணைத் தொடும் அடி இலைகளையாவது கிள்ளி, தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய்ப் புதையுங்கள். தயவுசெய்து வரப்பில் குவிக்காதீர்கள்.