ஆற்றோரத்து 50 மீட்டர்

மலேசியாவில் எங்கள் ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறி வருடக்கணக்காகிவிட்டது, எங்களுக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். சுற்றிலும் செம்பனை, நடுவே சிலாங்கூர் ஆறு. நான் வடிகால் பொறியாளர். தோட்ட நிலம் தாமானாக, அதாவது வீடமைப்புப் பகுதியாக, மாறும்போது மழைத்தண்ணீர் எங்கே போகும் என்று கணக்குப் போட்டு பிளான் வரைவது என் வேலை.

சில வருடங்களுக்கு முன் ஆற்றை ஒட்டிய ஒரு நிலத்தை அளக்கப் போயிருந்தேன். பக்கத்திலேயே பழைய லயத்து வீடுகள். அதில் ஒன்றிலிருந்து, அந்தக் காலத்தில் பால்மரம் சீவிய ஒரு பாட்டி வெளியே வந்தார். "தம்பி, எவ்வளவு ஒசரத்துக்கு மண்ணு கொட்டப் போறீங்க?"

"ஒன்றரை மீட்டர், பாட்டி."

ஒன்றும் பேசாமல் என்னை அடுப்படிக்குக் கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினார். அடுப்புமேடைக்கு ஒரு சாண் மேலே, எத்தனை முறை கழுவியும் போகாத பழுப்புக் கோடு. "இது போன வெள்ளம். அங்க மேடாக்குனா இங்க எது வரைக்கும் வரும்?"

கணக்கு பெரிய கணக்கு இல்லை. வெள்ளம் ஒரு மீட்டர் நிற்கும் நிலத்தில் ஒரு ஹெக்டருக்கு ஒரு மீட்டர் மண் கொட்டினால், 10,000 கன மீட்டர் தண்ணீர் தங்கும் இடம் போச்சு. 10,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரியாக எண்ணினால் ஆயிரம் லாரி. அவ்வளவும் பக்கத்தில் தாழ்வாக இருக்கும் வீட்டைத் தேடித்தான் போகும். "அதான் குட்டை வெட்டுகிறோமே" என்பார்கள் கட்டுபவர்கள். 2001 முதல் நடைமுறையில் இருக்கும் மஸ்மா வடிகால் கையேட்டின்படி தாமானுக்குள் தேக்கக் குட்டை வேண்டும்தான், நானும் வரைகிறேன். ஆனால் அந்தக் குட்டை தாமானின் கூரையிலும் ரோட்டிலும் விழும் மழைக்காக. ஆறு கரைமீறி வரும்போது தங்க இருந்த இடத்துக்கு அது ஈடாகாது. இரண்டையும் ஒன்றாகக் காட்டும் பிளானைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சரி, ஆற்றுக்கு இடம்விட விதி இல்லையா? இருக்கிறது. வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வழிகாட்டியில், 40 மீட்டருக்கு மேல் அகலமான ஆற்றுக்கு ஒவ்வொரு கரையிலும் 50 மீட்டர் ரிசர்வ், அதாவது ஒதுக்கு நிலம், 5 மீட்டர்கூட அகலமில்லாத ஓடைக்கும் 5 மீட்டர். ஆனால் அது வழிகாட்டி. தேசிய நிலச் சட்டத்தின் 62ஆம் பிரிவின்படி அரசிதழில் வந்தால்தான் அது சட்டப்படி ஒதுக்கப்பட்ட நிலம். பழைய தோட்ட கிராண்டுகளோ (நிலப் பத்திரங்களோ) பல இடங்களில் ஆற்று விளிம்புவரை நீள்கின்றன. விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்ற விண்ணப்பிக்கும் நேரம் இருக்கிறதே, அதுதான் அந்த ஆற்றோர ரிசர்வ் பட்டையைக் கேட்டு வாங்க நல்ல சமயம். அப்போது கோட்டைவிட்டால், வீடு எழும்பிய பிறகு காசு கொடுத்துத்தான் மீட்க வேண்டும்.

இந்தப் பட்டையில் மனிதர்களுக்கு மட்டும் பங்கில்லை. இதே ஆற்றோடு கீழே போனால் கம்போங் குவாந்தான். அங்கே பெரெம்பாங் மரங்களில் ஒரே தாளத்தில் மின்னி அணையும் மின்மினிகளை இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் படகில் போய்ப் பார்த்திருப்பார்கள். டெரோப்டிக்ஸ் டெனர் என்ற அந்த இனம் உலகச் சிவப்புப் பட்டியலில் 'அழிவாய்ப்பு இனம்'. நாம் பார்ப்பதெல்லாம் மரத்தை. மரத்தில் மின்னுவது வளர்ந்த பூச்சி, அதன் வாழ்வே சில வாரம்தான். முட்டை இருப்பது கரையின் ஈர மண்ணில், அப்புறம் புழுவாக மாதக்கணக்கில் அங்கேயே சின்ன நத்தைகளைத் தின்று வளர்கிறது. மரத்தை விட்டுவைத்துவிட்டுக் கரையை வழித்துச் சுவர் கட்டினால், மரம் இருக்கும், மின்னுவதற்கு ஒன்றும் இருக்காது. தெருவிளக்கு ஆற்றைப் பார்த்து எரிந்தாலும் கெடுதல்தான், ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று அடையாளம் காண்பதே அந்தச் சிறு வெளிச்சத்தை வைத்து. நீர்நாயை 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையிலிருந்து காக்கும். அது வளை தோண்டிக் குட்டி போடும் கரையைக் காப்பது பிளான் பாஸ் பண்ணும் மேசை.

அந்த நிலத்துக்கு, கடைசி வரிசை வீடுகளை எடுத்துவிட்டுக் கரையை இருந்தபடியே விடவேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். முதலாளி வேறு பொறியாளரிடம் போய்விட்டார்.

திட்ட அனுமதிக்கு ஆட்சேபம் சொல்ல, உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் பக்கத்து நில உரிமையாளருக்கு நோட்டீஸ் வந்து 21 நாள் அவகாசம் உண்டு. பாட்டிக்கு அந்த நோட்டீஸ் வராது, லயத்து வீடு அவர் பெயரில் இல்லை. ஆனால் உள்ளூர்த் திட்ட வரைவு, அதாவது எந்த நிலத்தில் எது வரலாம் என்று சொல்லும் ரஞ்சாங்கான் தெம்பாத்தான், பொதுமக்கள் பார்வைக்கு வரும்போது யார் வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கலாம், கிராண்ட் தேவையில்லை. நம் ஆட்கள் பலர் அந்தப் பக்கமே போவதில்லை. தயவுசெய்து போங்கள். ஆற்று ரிசர்வ் அரசிதழில் வந்துவிட்டதா, மேடாக்கும் மண்ணுக்கு ஈடாக வெள்ளம் தங்க எங்கே இடம் என்று இரண்டு கேள்வி கேளுங்கள். வெள்ளக் கோடு இருந்தால் சுண்ணாம்பு அடிப்பதற்கு முன் அளவு நாடாவைப் பக்கத்தில் வைத்து, தேதி எழுதிப் படம் எடுத்துக் கொண்டுபோங்கள். பாட்டி வீட்டுக் கோட்டை அன்றே அளந்து வைத்துக்கொண்டேன். தரையிலிருந்து 1 மீட்டர் 5 சென்டிமீட்டர்.