மலிவு வீட்டுக்குள் காற்று எப்படி வரும்?

நகரங்களில் அரசு கட்டித் தரும் குறைந்த விலை அடுக்குமாடி வீடுகளைப் பற்றிப் பேச்சு வந்தாலே "அந்தக் காசுக்கு அவ்வளவுதான்" என்று பலர் முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு கிடையாது. அந்த வீடுகளின் புழுக்கம், இருட்டு, சக்கர நாற்காலி நுழையாத வாசல், இவற்றில் பெரும்பகுதி வரைபடம் போடும்போதே முடிவாகிவிடுகிறது. அந்த நேரத்தில் ஒரு கோட்டைத் தள்ளிப் போட அதிகம் செலவில்லை, சுவர் எழும்பிய பிறகு மாற்றத்தான் பெரும் பணம் வேண்டும். வசதி உள்ளவர் ஏசி போட்டுச் சமாளித்துக்கொள்வார். இந்த வீடுகளுக்கு வருகிறவர் எப்படியோ ஏசி வாங்கினாலும் கரண்ட் பில் கட்டித் தாக்குப்பிடிக்க மாட்டார். அதனால் மலிவு வீட்டைத்தான் மற்ற எந்த வீட்டையும்விட அதிகம் யோசித்து வரைய வேண்டும்.

முதலில் காற்று. ஒரு கட்டடத்தின் மேல் காற்று மோதும்போது மோதுகிற பக்கத்தில் அழுத்தம் கூடுகிறது, எதிர்ப்பக்கத்தில் குறைகிறது. இந்த வேறுபாடுதான் காற்றை வீட்டின் குறுக்கே இழுத்துக்கொண்டு போகிறது. ஒரே சுவரில் மூன்று ஜன்னல் வைத்தாலும் பலன் குறைவுதான், ஏனென்றால் வந்த காற்று வெளியேற எதிர்ப்பக்கம் வழி வேண்டும். கட்டடக் கலைஞர்களிடம் இதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு: ஒரு பக்கம் மட்டும் ஜன்னல் இருந்தால் அறை உயரத்தைப்போல இரண்டரை மடங்கு ஆழம் வரை காற்று ஓரளவு புகும், எதிரெதிரே திறப்பு இருந்தால் ஐந்து மடங்கு வரை. 3 மீட்டர் உயர அறையில் அது ஏழரை மீட்டருக்கும் 15 மீட்டருக்கும் உள்ள வித்தியாசம்.

இப்போது வழக்கமான அடுக்குமாடியை நினைத்துப் பாருங்கள். நடுவில் நீளமாக ஒரு நடைவழி, இரண்டு பக்கமும் வீடுகள். ஒரே நடைவழி இரண்டு வரிசைக்கும் போதும் என்பதால் செலவு மிச்சம், ஆனால் மூலை வீடுகளைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு வெளிச்சுவர்தான் கிடைக்கிறது. அந்த நடைவழியை ஓரத்துக்குத் தள்ளித் திறந்த வராந்தாவாக்கி, அதன் ஒரு பக்கம் மட்டும் வீடுகளை வைத்தால் முன்னும் பின்னும் ஜன்னல் வந்துவிடும். வராந்தாவுக்குக் கூடுதல் இடம் போகிறது, உண்மைதான். அது வீண் செலவு என்று நான் நினைக்கவில்லை, ஏனென்றால் உடம்பின் மேல் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் காற்று நகர்ந்தாலே வெப்பம் 2, 3 டிகிரி குறைந்தது போலத் தெரியும், போதாததற்குப் பகலில் நடைவழி விளக்கும் எரிய வேண்டாம்.

வெயில் அதிகமுள்ள ஊர்களில் மேல்மாடிக்காரர்கள் பாடு இன்னும் மோசம். கான்கிரீட் கூரை பகலில் வாங்கிய வெப்பத்தைச் சில மணி நேரம் கழித்துத்தான் உள்ளே விடுகிறது, சரியாக எல்லோரும் படுக்கப்போகும் நேரத்தில். மொட்டை மாடியில் வெள்ளைப் பூச்சு அடித்தால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும், ஆனால் அழுக்குப் படியப் படிய அந்தத் திறன் குறையும் என்பதால் கழுவுகிற ஆளும் வேண்டும். மேற்கு ஜன்னலில் மாலை வெயில் தாழ்வாக வந்து சன்ஷேடுக்கு அடியில் நுழைந்துவிடும், அதனால் கட்டடத்தின் நீளப் பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்த்திருப்பது நல்லது.

அப்புறம், யார் உள்ளே போக முடியும் என்பது. சக்கர நாற்காலி ஏறும் சாய்தளத்துக்குப் பரவலாக ஏற்கப்பட்ட அளவு 1:12, அதாவது 1 அடி ஏற 12 அடி நீளம். வாசலில் 15 சென்டிமீட்டர் உயரத்தில் மூன்று படி இருந்தால் மொத்தம் 45 சென்டிமீட்டர், அதற்கு 5.4 மீட்டர் சாய்தளம் வேண்டும். கட்டி முடித்த பிறகு அந்த இடத்துக்கு எங்கே போவது? செங்குத்தாக ஒன்றைக் கட்டிக் கணக்குக் காட்டுவார்கள், அதில் யாராலும் தனியாக ஏற முடியாது. முதலிலேயே தரைமட்டத்தையும் மழைநீர் வடிகாலையும் சேர்த்துத் திட்டமிட்டால் படியே இல்லாமல் நுழையலாம்.

குளியலறைக் கதவை மட்டும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 75 சென்டிமீட்டர் கதவில் நிலை, கீல், திறந்து நிற்கும் பலகையின் தடிமன் எல்லாம் போக மிஞ்சும் வழியில் 65 சென்டிமீட்டருக்கு மேல் அகலமுள்ள சக்கர நாற்காலி உரசிக்கொண்டு நிற்கும், பிடித்துத் தள்ளுகிற கைக்கு இடமே இருக்காது. நிகர வழி 80, 90 சென்டிமீட்டர் வேண்டும், உள்ளே நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் வட்டம் வேண்டும். கதவு உள்நோக்கித் திறந்தால் இன்னோர் ஆபத்து: வயதானவர் உள்ளே வழுக்கி விழுந்தால் அவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும், உதவிக்கு ஓடி வருகிறவர் திறக்க முடியாமல் தவிப்பார். வெளிநோக்கித் திறக்கவோ பக்கவாட்டில் நகரவோ வைப்பது ஒரே ஒரு முடிவு.

செலவைத் தவறான இடத்தில் குறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1954-இல் திறந்த ப்ரூயிட்-ஐகோ குடியிருப்பு உதாரணம். 11 மாடியில் 33 கட்டடங்கள், லிஃப்ட் மூன்று மாடிக்கு ஒருமுறைதான் நிற்கும். மற்ற மாடிக்காரர்கள் படிக்கட்டில் நடக்க வேண்டும், அந்தப் படிக்கட்டுகளில்தான் வழிப்பறி நடந்தது. வீழ்ச்சிக்கு லிஃப்ட் மட்டும் காரணமில்லை. பராமரிப்புச் செலவு குடியிருப்போரின் வாடகையிலிருந்தே வர வேண்டியிருந்தது, வீடுகள் காலியாகக் காலியாக அதுவும் வற்றியது. 1972-இல் இடிக்கத் தொடங்கினார்கள்.

பணம் நிஜமாகவே போதாவிட்டால்? சிலி நாட்டின் இக்கீக்கே நகரில் கட்டடக் கலைஞர் அலெஹாந்திரோ அரவேனாவின் குழு சுமார் 100 குடும்பங்களுக்கு வீட்டில் பாதியை மட்டும் கட்டிக் கொடுத்தது: அடித்தளம், படிக்கட்டு, சமையலறை, குளியலறை என்று ஒரு குடும்பம் தானாகச் செய்துகொள்ளக் கடினமானவை. பக்கத்திலேயே விட்ட வெற்றிடத்தில் மீதியை அவர்களே கட்டிக்கொண்டார்கள். அதைவிட முக்கியமானது, அவர்களை ஊருக்கு வெளியே அனுப்பாமல் ஏற்கனவே இருந்த இடத்திலேயே வைத்தது. தினமும் பஸ்ஸுக்கே சம்பளத்தில் ஒரு பங்கு போகிற தூரத்தில் கிடைக்கும் வீடு எந்தக் கணக்கிலும் மலிவு ஆகாது.

ஏற்கனவே கட்டிவிட்டவற்றுக்கும் வழி உண்டு. பிரான்சின் போர்தோ நகரில் 1960-களில் கட்டிய மூன்று பொதுக் குடியிருப்புகளில், மொத்தம் 530 வீடுகளில், லக்கதோன்-வசால் என்ற கட்டடக் கலைஞர் குழுவினர் இடிக்காமல் ஒவ்வொரு மாடியின் தரையையும் வெளிப்பக்கமாக நீட்டினார்கள். பழைய சிறிய ஜன்னல்கள் இருந்த இடத்தில் பெரிய நகரும் கதவுகள் வந்தன, வீட்டுக்கு வெளிச்சமும் ஒரு பால்கனியும் கிடைத்தன. வேலை நடந்தபோது குடும்பங்கள் அதே வீடுகளில்தான் குடியிருந்தார்கள்.