மல்லிகைக் குச்சியில் அடி எது, நுனி எது?

மதுரை வட்டாரத்தில் மல்லிகை நடுபவர்கள் ராமேஸ்வரம் அருகே உள்ள தங்கச்சிமடத்தின் வேர்விட்ட நாற்றை வாங்குவதே வழக்கம். சிலர் கவாத்து செய்த குச்சியிலிருந்து தாங்களே நாற்று எடுக்கிறார்கள். இலை உருவிக் கட்டாகக் கட்டிய குச்சியில் அடியும் நுனியும் மாறிப்போவதுதான் அங்கே நடக்கும் முதல் தவறு. கண்டுபிடிக்க வழி உண்டு: இலைக்காம்பு இருந்த தழும்புக்கு மேல்பக்கம்தான் மொட்டு இருக்கும். மொட்டு இருக்கும் பக்கம் நுனி. அடிமுனையைக் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாகவும், நுனியை நேராகவும் வெட்டினால் பிறகு குழப்பமே வராது.

தலைகீழாக நட்டாலும் பழைய அடிமுனையில்தான் குச்சி வேர்விட முயலும். அந்த மேல்-கீழ் ஒழுங்கு விதைக்குள் கரு உருவாகும்போதே அமைந்துவிடுகிறது. கடுகுக் குடும்பத்து அராபிடாப்சிஸ் செடியில் இது தெளிவாகத் தெரிகிறது. கருவுற்ற முட்டை மேலே சிறு செல், கீழே நீண்ட செல் என இரண்டாகப் பிரிகிறது. கீழ்ச் செல்லிலுள்ள பின்7 (PIN7) என்ற புரதம், வளர்ச்சியை வழிநடத்தும் ஆக்சின் ஹார்மோனை மேலே அனுப்புகிறது. மேல் செல் கருவாக வளர்கிறது. சுமார் 32 செல் நிலையில் ஓட்டம் திரும்புகிறது. இப்போது பின்1 (PIN1) என்ற புரதம் ஆக்சினைக் கீழே இறக்குகிறது. அது தேங்கும் இடத்தில் வேர்முனை உருவாகிறது.

ஆக்சின் தந்த செய்தியைச் செயலாக்கும் மரபணுக்களில் ஒன்று மோனோப்டெரஸ். ஜெர்மனி விஞ்ஞானிகள் 1991இல் வெளியிட்ட ஆய்வில், இது பழுதான நாற்றுகளுக்கு முளைவேரே இல்லை. ஆனால் அத்தகைய நாற்றைத் தனியாக வளர்ப்பு ஊடகத்தில் வளர்த்தால் பிறகு வேர் விடக்கூடும். கருவில் வேர் அமைவதும், வெட்டிய தண்டில் வேர் புறப்படுவதும் ஒரே வழியில் அல்ல என்பதற்கு இது நல்ல சான்று. நாற்றங்காலில் நாம் பயன்படுத்துவது இந்த இரண்டாவது வழியைத்தான்.

சைட்டோகைனின் தளிர் வளர்ச்சியைத் தூண்டும் ஹார்மோன். கருவில் வேர் அமையும் இடத்தில் ஆக்சின் அதன் வேலையை அடக்கி வைக்கிறது. அதனால் ஐபிஏ (IBA) போன்ற ஆக்சின் வகை வேர் ஊக்கியோடு சைட்டோகைனின் டானிக்கைக் கலக்காதீர்கள். இளநீரில் ஊறவைக்கும் பழக்கமும் இருக்கிறது. அதில் இரண்டு ஹார்மோன்களும் உண்டு, அளவு நிலையாக இராது; அதை நம்பி ஒரு பாத்தி முழுவதையும் பணயம் வைக்க வேண்டாம்.

அரை முற்றிய, 12 முதல் 15 செ.மீ. நீளமுள்ள, மூன்று நான்கு கணுக் குச்சிகள் போதும். 100 மி.கி. ஐபிஏவை முதலில் சில மி.லி. ஆல்கஹாலில் முழுதாகக் கரைத்து, கலக்கிக்கொண்டே சிறிது சிறிதாகத் தண்ணீர் சேர்த்து 100 மி.லி. ஆக்கினால் 1000 பிபிஎம். பொடியை நேராகத் தண்ணீரில் கொட்டினால் கரையாமல் மிதக்கும். போட்ட மருந்து குச்சிக்குச் சேராது. அடிமுனை 2 செ.மீ. மட்டும் 5 முதல் 10 விநாடி நனைந்தால் போதும். முழுக் குச்சியையும் முக்கினால் மேல் மொட்டுகள் தூங்கிவிடும். அளவு கூடினால் அடி வீங்கி, கருத்து, வேரில்லாமல் அழுகும்.

2,4-டி களைக்கொல்லியும் செயற்கை ஆக்சின்தான். அகன்ற இலைச் செடியால் அதை எளிதில் சிதைக்க முடிவதில்லை. அதைத் தெளித்த ஸ்பிரேயரை மல்லிகைக்கோ பருத்திக்கோ எடுத்தால் மிச்சமிருக்கும் மருந்தே இலையைச் சுருட்டி, குருத்தை முறுக்கிவிடும். களைக்கொல்லிக்கென்று தனி ஸ்பிரேயர் வைத்து, அதன் மீது பெயிண்டால் எழுதி வையுங்கள்.