கலெக்டர் ஆபீஸ் பக்கத்து மனை டவுன் ஆகிவிடுமா?

மனை வரைபடத்தோடு என்னிடம் வருகிறவர்களில் பலர் கேட்பது ஒன்றுதான்: "சார், கலெக்டர் ஆபீஸ் பக்கத்துல இடம். இனிமே ஊர் இந்தப் பக்கம்தானே?" வீடுகள் வரும், சரி. ஆனால் வீடுகள் பெருகுவது வேறு, ஊரின் மையம் இடம் மாறுவது வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் கடன் வாங்கிக் கடை கட்டுகிறவர்களைப் பார்த்தால் வேதனையாக இருக்கிறது.

தருமபுரி நான்கு ரோட்டில் சாயங்காலம் நின்று பாருங்கள். பென்னாகரத்திலிருந்து வருகிறவர் பஸ்ஸைவிட்டு இறங்கி, டாக்டரைப் பார்த்து, அடகு நகையை மீட்டு, பிள்ளைக்குத் துணி எடுத்து, காய்கறிப் பையோடு திரும்பவும் பஸ் ஏறிவிடுகிறார். நகரப் பேருந்து நிலையமும் புறநகர்ப் பேருந்து நிலையமும் அருகருகே இருப்பதால்தான் இது நடக்கிறது. 2008-ல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியும் அதன் ஆஸ்பத்திரியும் ஊரைவிட்டு வெகுதூரம் போகாததால் மருந்துக்கடை, லேப், மெஸ் எல்லாம் டவுனோடு ஒட்டியே பெருகின.

கலெக்டர் ஆபீஸ் அப்படியல்ல. திங்கள்கிழமை குறைதீர் நாளில் கூட்டம் அலைமோதும். ஜெராக்ஸ் கடை, மனு எழுதுகிறவர், டீக்கடை பிழைக்கலாம். ஆனால் ஆபீஸ் மூடியதும், ஞாயிற்றுக்கிழமையும் அங்கே யார் வருவார்கள்? ஒரே வேலைக்காக வருகிற கூட்டம் அந்த வேலை முடிந்ததும் கலைந்துவிடும்.

கிருஷ்ணகிரியில் இன்னொரு பாடம் இருக்கிறது. மலையடிவாரத்துப் பழையபேட்டைதான் ஒரு காலத்தில் ஊர். இன்று அந்த ஊருக்கு ரயிலே கிடையாது. சென்னை, பெங்களூரு, சேலம் என்று எங்கே போனாலும் சாலைதான். ஆகவே பஸ் நிற்கும் இடம் வியாபாரத்தை இழுத்துக்கொண்டது. மருத்துவக் கல்லூரியோ ஊருக்கு வெளியே போலுப்பள்ளியில். வசதிகள் இப்படி ஆளுக்கொரு திசையில் போனால் மையம் நகர்வதில்லை, சிதறுகிறது. அந்தச் செலவு பஸ்ஸில் வருகிற நோயாளியின் தலையில் விழுகிறது. எனக்கு இதில்தான் கோபம்.

பாரிஸில் வசதியானவர்கள் நடு நகரத்தில் இருக்கிறார்கள், அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் நடு நகரத்தை விட்டுப் போய்விட்டார்கள். ஏன் என்று 1999-ல் மூன்று பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள். பழைய கட்டடங்கள், பூங்காக்கள், ஆற்றங்கரை என்று நடுவில் இருக்கும் வசதிகளே ஆட்களைப் பிடித்து வைக்கின்றன என்பது அவர்கள் விளக்கம். நம் ஊரில் அந்த வேலையைச் செய்வது ஆஸ்பத்திரி, சந்தை, கோயில், பஸ் ஸ்டாண்டு.

அதனால் கடைக்கு மனை பார்க்கும்போது விற்பவர் காட்டும் ஒற்றைக் கட்டடத்தை நம்பாதீர்கள். ஞாயிறு மாலை ஒருமுறை, மழை பெய்த மறுநாள் ஒருமுறை போய்ப் பாருங்கள். டவுன் பஸ் எத்தனை மணி வரை வருகிறது? நடக்க நடைபாதை, தெருவிளக்கு, பெண்களுக்குக் கழிப்பறை இருக்கிறதா?

அப்புறம், ஊர் எப்படி வளர வேண்டும் என்று அரசு போடும் முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) வரைவை வெளியிட்டு ஆட்சேபம் கேட்கும்போது சும்மா இருந்துவிடாதீர்கள். ஆஸ்பத்திரியையோ பஸ் ஸ்டாண்டையோ தள்ளி வைப்பதாக இருந்தால், கிராமத்திலிருந்து வருகிறவர் எத்தனை பஸ் மாற வேண்டும், கூடுதலாக எவ்வளவு செலவாகும் என்று கணக்கோடு எழுதிக் கொடுங்கள்.