மலையேறும் வேனும் மார்கழிக் குளிரும்

மதுரையில் மார்கழி விடியலில் 20 டிகிரி இருந்தாலே நாம் போர்வை தேடுவோம். அதே நாளில் கேம்பர் வேனை, அதாவது உள்ளேயே தூங்கவும் தண்ணீர் புழங்கவும் வசதி செய்த வேனை, வத்தலக்குண்டு வழியாக ஏற்றிக் கொடைக்கானலில் நிறுத்தினால், இரவில் 8 டிகிரிக்கு இறங்கிவிடும். ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குச் சுமார் 6.5 டிகிரி குறையும் என்பது கணக்கு. நம் ஊர் 100 மீட்டர் உயரம், அது 2,100 மீட்டர். போதாததற்கு, மேகமில்லாத இரவில் தகரக் கூரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றையும்விடக் குளிர்ந்துபோகும். கொடைக்கானல் புல்வெளியில் உறைபனி படிவதும் இப்படித்தான்.

குளிர் என்றதும் எல்லாவற்றையும் இறுக மூடத் தோன்றும். வேனில் அந்தப் பழக்கம்தான் ஆபத்து.

முதலில் தண்ணீர். கொடைக்கானலில் குழாய்களுக்குப் பெரிய பயமில்லை. ஆனால் குளிர்காலத்தில் லடாக் வரை போனால், அங்கே இரவில் மைனஸ் 10 டிகிரிக்கும் கீழே போகும். உறையும்போது தண்ணீரின் பருமன் சுமார் 9 சதவீதம் கூடும். ஐஸ் உறைந்த இடத்தில்தான் குழாய் உடையும் என்று நினைப்போம், பெரும்பாலும் அப்படியில்லை. ஐஸ் குழாய்க்குள் நீளவாக்கில் வளர்ந்து, உறையாத தண்ணீரை மூடிய டேப்பை நோக்கித் தள்ளும். தண்ணீர் அமுக்கினால் அமுங்காது. அழுத்தம் ஏறி ஏறி, ஐஸே இல்லாத ஒரு இணைப்பில் வெடிக்கும். அதனால் வேனைப் பயன்படுத்தாத நாட்களில் டேங்க், பம்ப், வாட்டர் ஹீட்டர் மூன்றையும் காலிசெய்து டேப்புகளைத் திறந்தே விடுங்கள்.

காலிசெய்த பிறகும் குழாயின் வளைவுகளில் கொஞ்சம் தண்ணீர் தேங்கும். அதற்குப் புரொப்பிலீன் கிளைக்கால் கலந்த திரவம் ஊற்றுவார்கள். குல்ஃபிக்காரர் ஐஸோடு உப்புப் போடுகிறாரே, அதே தத்துவம்: எதையாவது கரைத்தால் தண்ணீரின் உறைநிலை இறங்கும். ரேடியேட்டர் கூலன்ட்டை மட்டும் குடிநீர்க் குழாயில் ஊற்றிவிடாதீர்கள். அதில் பெரும்பாலும் இருப்பது எத்திலீன் கிளைக்கால், விஷம்.

அப்புறம் சூடு. டீசல் ஹீட்டரில் நெருப்பு ஒரு மூடிய அறைக்குள் எரியும். அதற்கான காற்றை வண்டிக்கு அடியிலிருந்து இழுத்து, புகையையும் அடியிலேயே வெளியே விடும். சூடேறிய உலோகத்தின் மேல் இன்னொரு மின்விசிறி அறைக்காற்றை ஊதும். இரண்டு காற்றும் கலக்கவே கலக்காது, அந்த அமைப்பின் அழகே அதுதான். அணைத்த பிறகும் உள்ளே ஆறும்வரை விசிறி சில நிமிடம் ஓடும், அதற்குள் பேட்டரி இணைப்பைத் துண்டிக்கக் கூடாது.

கரி அடுப்பை வேனுக்குள் வைத்துத் தூங்குவது உயிரோடு விளையாடுவது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடிக்கும். எந்த ஹீட்டர் இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை மாட்டிவையுங்கள்.

காலையில் கூரையிலிருந்து முகத்தில் சொட்டும் நீர் ஒழுகல் அல்ல, ராத்திரி நாம் விட்ட மூச்சுதான். குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகிறது. ஹீட்டர் ஓடும்போதும் கூரை ஜன்னலை இரண்டு விரல் அகலம் திறந்துவைத்தால் ஈரக்காற்று அந்த வழியாகவே போய்விடும்.