ஐந்தில் ஒரு பங்கு இருப்பு போதும்: அரசு மருந்துக் கிடங்கின் கணக்கு

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதந்தோறும் சர்க்கரை நோய்க்கு மாத்திரை வாங்கும் வாசகர் ஒருவர், மலையடிவாரத்திலுள்ள தம் ஊருக்கும் மெட்பார்மின் பெரும்பாலும் தட்டாமல் வந்துவிடுவது எப்படி என்று கேட்டிருக்கிறார். மருந்தை யார் தயாரிக்கிறார்கள், எந்த லாரியில் வருகிறது என்பவற்றைவிட, எவ்வளவு மருந்தை எந்த இடத்தில் வைத்திருப்பது என்பதே இதில் உண்மையான சிக்கல்.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் நிறுவனமாகப் பதிவு செய்யப்பட்டு, 1995இன் தொடக்கத்திலிருந்து அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வழங்கி வருகிறது. அத்தியாவசிய மருந்துகளின் பட்டியல் ஒன்றை வகுத்து, மாநிலம் முழுமைக்குமான தேவையைத் திரட்டி, மருந்தின் பொதுப்பெயரிலேயே ஒப்பந்தப்புள்ளி கோரி, வாங்கியவற்றை மாவட்டக் கிடங்குகளில் இறக்குவது அதன் நடைமுறை. மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்பதற்கு விளக்கம் தேவையில்லை. ஆனால் மொத்தமாகச் சேமித்தாலும் செலவு குறையும் என்பதும், அது எந்த அளவுக்குக் குறையும் என்பதும் பலருக்குத் தெரியாது.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஒரு நிலையத்தில் மாதம் சராசரியாக 10,000 மெட்பார்மின் மாத்திரைகள் செலவாகின்றன. அந்தச் செலவின் திட்ட விலக்கம், அதாவது மாதாந்தரச் செலவு சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதன் அளவு, 2,000 என்று கொள்வோம். தட்டுப்பாடு அரிதாகவே நேர வேண்டுமானால், சராசரிக்கு மேல் இரண்டு திட்ட விலக்கம், அதாவது 4,000 மாத்திரைகளைக் கூடுதலாகக் கையில் வைத்திருக்க வேண்டும். இத்தகைய 25 நிலையங்கள் தனித்தனியே இப்படிச் செய்தால், மாவட்டத்தில் 1,00,000 மாத்திரைகள் அலமாரிகளில் காத்துக் கிடக்கும். அந்தக் கூடுதல் இருப்பை ஒரே கிடங்கில் வைத்தால் 20,000 போதும்.

மீதி 80,000 எங்கே போயிற்று? ஒரு நிலையத்தில் இம்மாதம் எதிர்பாராமல் கூட்டம் வந்தால், இன்னொன்றில் திருவிழாவோ அறுவடையோ காரணமாகக் கூட்டம் குறைந்திருக்கும். மிகையும் குறையும் ஒன்றையொன்று ஓரளவு ஈடு செய்துவிடும். ஒன்றையொன்று சாராத ஏற்ற இறக்கங்களைக் கூட்டும்போது சராசரிகள் நேராகக் கூடுகின்றன. விலக்கங்களோ அப்படிக் கூடுவதில்லை, அவற்றின் வர்க்கங்களே கூடுகின்றன. ஆகவே 25 நிலையங்களின் மொத்தத் தேவை 25 மடங்காகும்போது, அத்தேவையின் நிச்சயமின்மை 25இன் வர்க்கமூலமான 5 மடங்கே ஆகிறது. பள்ளியில் திட்ட விலக்கத்தைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்தவர்கள், அது ஓர் அரசுக் கிடங்கில் எத்தனை மாத்திரைகளைக் காலாவதியாகாமல் காக்கிறது என்று அறிந்தால் அதன்மேல் சற்று மதிப்புக் கொள்வார்கள். நிலையத்துக்கும் சிறிதளவு இருப்பு வேண்டும்தான். ஆனால் அது அடுத்த முறை கிடங்குக்குப் போய்வரும் வரைக்குமான இருப்பாக இருந்தால் போதும்.

இந்தக் கணக்கைக் கெடுக்கக்கூடியது மனித அச்சம். அடுத்த மாதம் கிடைக்காமல் போகலாம் என்று அஞ்சும் மருந்தாளுநர், கிடங்குக்கு அனுப்பும் கோரிக்கைப் பட்டியலில் (இண்டென்ட்) தேவைக்கு இருமடங்காகக் கேட்பார், கிடங்கு காலியாகும், அதைக் கண்ட மற்றவர்களும் மும்மடங்கு கேட்பார்கள். உண்மையான தேவை மாறாமலேயே தட்டுப்பாடு உருவாகிவிடும். இதைத் தடுப்பது ஒரு பாஸ்புக். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய் மதிப்புக்கு மருந்து என ஒதுக்கப்பட்டு, வங்கிக் கணக்குப் புத்தகத்தைப் போல அதில் வரவு வைக்கப்படுகிறது. கிடங்கில் மருந்தைப் பெறும்போது அதன் விலை கழிக்கப்பட்டு மீதித் தொகை பதியப்படுகிறது. இப்போது இப்பதிவுகள் கணினியில் நடைபெறுகின்றன. மெட்பார்மினைத் தேவையின்றி எடுத்துப் பதுக்கினால் இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபினுக்குத் தொகை குறைந்துவிடும் என்பதால், கேட்பவரே தம் தேவையை நேர்மையாக மதிப்பிட வேண்டியிருக்கிறது. மேலிருந்து எவரும் கண்காணித்து மிரட்டாமலேயே கிடங்குக்கு உண்மையான தேவை தெரியவருவதுதான் இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம்.

இலவச மாத்திரைக்கு வீரியம் குறைவு என்ற நம்பிக்கையையும் இங்கே கவனிக்க வேண்டும்; நன்கு படித்தவர்கள்கூட அதை விடாப்பிடியாகப் பற்றிக்கொண்டிருக்கிறார்கள். கிடங்குக்கு வரும் மருந்து உடனே வழங்கப்படுவதில்லை. ஒரே தடவையில் தயாரான தொகுதியான ஒவ்வொரு பேட்சிலிருந்தும் மாதிரி எடுக்கப்பட்டு, தயாரித்தவரின் அடையாளம் மறைக்கப்பட்டு, குறியீட்டு எண்ணுடன் ஆய்வகத்துக்கு அனுப்பப்படுகிறது. தேர்ச்சி அறிக்கை வரும் வரை அப்பெட்டிகள் தனியே ஒதுக்கி வைக்கப்படுகின்றன. யாருடைய மருந்தைச் சோதிக்கிறோம் என்று ஆய்வாளருக்கே தெரியாது. விலையை வைத்து வீரியத்தை அளப்பவர்களின் கையில் இத்தகைய சோதனை எதுவும் இல்லை.

வர்க்கமூலக் கணக்கு பொய்த்துப்போகும் காலமும் உண்டு. ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று சாராதவை என்ற அனுமானம் மழைக்காலக் காய்ச்சலின்போது உடைகிறது. டெங்கு பரவும் வாரங்களில் 25 நிலையங்களுக்கும் பாராசிட்டமாலும் ஐ.வி. திரவமும் ஒரே நேரத்தில் வேண்டியிருக்கும். ஒன்றின் குறையை ஈடு செய்ய இன்னொன்றில் மிகை இராது. அப்போது அக்கம்பக்க மாவட்டக் கிடங்குகளிலிருந்து இருப்பை மாற்ற வேண்டும். அல்லது பருவம் தொடங்குமுன்பே அதிகமாக வாங்கி வைக்க வேண்டும். எவ்வளவு அதிகம் என்பதை முந்தைய ஆண்டுகளின் பதிவுகளே சொல்ல முடியும். புதிய ஸ்கேன் கருவிக்கு எளிதாகக் கிடைக்கும் நிதியில் மிகச் சிறு பகுதியை, இப்பதிவுகளைக் காய்ச்சல் கண்காணிப்புத் தரவுகளோடு இணைத்து ஆராயும் புள்ளியியல் மாணவர்களுக்கு ஒதுக்கலாம் என்பது என் கருத்து. திறப்பு விழா நடத்த அங்கே கட்டடம் ஏதும் இராது என்பது மட்டுமே அதிலுள்ள குறை.